உடுத்திப் பார்த்தது

காலைக் கொஞ்சம் மடக்குங்க தம்பி. ஜன்னல் ஓரம் எனக்கு வேணும். காத்து இல்லாட்டி எனக்கு ஆகாது.

ஈரோடு வரைக்கும்தானே? சரி. அப்படியென்றால் சொல்லலாம். பெருந்துறையில் இறங்குகிறவர்களிடம் நான் பேச்சுக் கொடுப்பதில்லை. பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள்.

தனியாகப் பேசிக்கொண்டிருந்தேனா? பேசினால் என்ன? எழுபத்தொரு வயசு. கேட்க ஆள் இல்லாவிட்டால் தனியாகத்தான் பேச வேண்டும். இப்போது நீங்கள் மாட்டினீர்கள். கேளுங்க.

நான் இன்றைக்கு ஜெயித்துவிட்டு வருகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டு முடித்துவிட்டு நீங்கள் வேறு மாதிரி நினைக்கக் கூடாது.

நைட்டி மொத்த வியாபாரம். ஈரோட்டில் அங்கமுத்து டெக்ஸ்டைல்ஸ். அங்கமுத்து நான்தான். சந்தையில் தார்ப்பாய் விரித்து உள்பாவாடை விற்றவன். இன்றைக்குப் பாலக்காட்டிலிருந்து செங்கோட்டை வரைக்கும் ஜவுளிக் கடைக்காரன் எல்லாம் என் வாசலில் வந்து செருப்பைக் கழற்றுகிறான். யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. நானாக வந்தேன். 'குடும்பத் தொழில்' என்று போர்டில் எழுதிப் போட்டிருக்கிறான் என் மகன் மகேந்திரன். குடும்பம் எங்கே தொழில் செய்தது? நான் செய்தேன். குடும்பம் சாப்பிட்டது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது மாடல் எது போட்டாலும் முதலில் ஒரே ஒரு பீஸ் தைப்போம். அதை என் சம்சாரம் வீட்டில் ஒரு வாரம் உடுத்துவாள். உடுத்திக்கொண்டே சமைப்பாள், தண்ணீர் தூக்குவாள், மாடி ஏறுவாள். சாயங்காலம் துவைத்துப் போடுவாள். காலையில் மறுபடி அதையே எடுத்து உடுத்துவாள். வாரக் கடைசியில் நான், "என்ன?" என்பேன். "சரி" என்றாளானால் கட்டிங் மாஸ்டர் கத்திரியை எடுப்பார். "ம்ஹூம்" என்றால் அந்த மாடல் மூலைக்குப் போகும்.

பாவாத்தாள் என்று பேர். பேச்சு அதிகம் கிடையாது. அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும்.

அவள் உடுத்துவாள், அவ்வளவுதான். மூளை என்னுடையது. கைக்குழியை ஒரு விரல்கடை இறக்கி வெட்டச் சொன்னது யார்? நான். ஒருநாள் பரணிலிருந்து சட்டியை எடுத்துவிட்டு, "கையைத் தூக்குனா கக்கத்துல புடிக்குதுங்க" என்றாள். பளிச்சென்று எனக்கு யோசனை வந்தது. எங்கள் வீதியிலேயே நைட்டிக்கு முதலில் பாக்கெட் வைத்தது யார்? நான். அவள் பீரோ சாவியைத் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டு திரிந்தாள். "இதை வைக்க ஒரு எடமிருந்தாத் தேவல" என்றாள். அந்த நிமிஷமே எனக்குத் தோன்றிவிட்டது. முன்பக்கம் ஜிப் வைத்ததும் நான்தான். மகேந்திரன் அப்போது கைக்குழந்தை. அவள் என்னமோ சொன்னாள், மறந்துவிட்டது. யோசனை என்னுடையது.

சிரிக்கறீங்களா? இருமலா? சரி.

சித்திரையில் புதுக்கடை திறந்தோம். கண்ணாடிக் கதவு, ஏசி, நாதஸ்வரம். பாவாத்தாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். வந்தவள் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே? கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன?" என்றேன்.

"இனித் தெனமும் வரலாம்னு இருக்கறனுங்க. இத்தன வருசம் போட்டுப் பாத்தேன். விக்கறதையும் பாக்கறேன்."

"ஊட்டு வேலை?"

"அதுக்கு ஆளிருக்குதுங்க."

நல்ல நாள். ஒன்றும் சொல்லாமல் விட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன். அப்போதே எழுப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

பாலக்காட்டுக்காரர் ஒருத்தர் வந்தார். பெரிய கடை. கழுத்துப் பட்டியில் பூ வேலை வைத்த மாடல் ஒன்று அடுக்கியிருந்தோம். தை மாதம் வெட்டியது. பாவாத்தாள் அதற்கு "ம்ஹூம்" சொல்லியிருந்தாள். நான்தான் வெட்டச் சொன்னேன். துணி வாங்கியாயிற்று. வாங்கின துணியைத் தோரணமா கட்டுவது? பாலக்காட்டுக்காரர் அதை எடுத்துத் தடவினார். முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை கட்டு வேண்டும் என்று வாயைத் திறக்கப் போகிறார்.

"அது வேண்டாமுங்க," என்றாள் என் சம்சாரம். "ரெண்டு தண்ணி பட்டாக் கழுத்துப் பட்டி சுருங்கிக்கும். அப்பறம் ஒரு பக்கமாக் கோணிக்கும். நான் போட்டுப் பாத்திருக்கறனுங்க. அந்தப் பச்சையில எடுங்க. நல்லா ஒழைக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பச்சையை எடுத்துக்கொண்டு போனார்.

நீங்களே சொல்லுங்க தம்பி. உண்மை பேச ஒரு இடம் இல்லையா? வீட்டில் பேசு. என்னிடம் பேசு. வாங்க வந்தவன் முன்னாலயா பேசுவது?

"ஊட்டுக்குப் போ. உனக்கென்ன தெரியும் யாவாரம்?" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். எனக்கு மெதுவாகப் பேச வராது. நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

எழுந்தாள். படி இறங்கினாள். வீட்டுக்குப் போகவில்லை. பட்டுச்சேலையோடு திருப்பூர் பஸ் ஏறிவிட்டாள்.

திருப்பூரில் அவளுடைய அண்ணன் மகள் இருக்கிறாள். கோகிலவாணி. அவளும் இதே தொழில்தான், நைட்டியும் சுடிதாரும் மொத்த வியாபாரம். நேற்று முளைத்த கடை. கோபித்துக்கொண்டு வந்த அத்தைக்கு என்ன செய்ய வேண்டும்? ரெண்டு நாள் சோறு போட்டு, புத்தி சொல்லி, பஸ் ஏற்றிவிட வேண்டும். இவள் என்ன செய்தாள் தெரியுமா? வேலை போட்டுக் கொடுத்துவிட்டாள். சம்பளத்துக்கு! அறுபத்து மூன்று வயசில்! தனி அறை. சுத்துகிற நாற்காலி. அங்கே எந்த மாடலாக இருந்தாலும் பாவாத்தாள் பார்த்துச் சரி சொன்னால்தான் கடைக்குள் ஏறும். ஒல்லி, தடி, நெட்டை, குட்டை என்று நாலு பொம்பளைகளை வேறு கூடச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். ஆளுக்கொன்று உடுத்தி, வேலை செய்து, துவைத்து, வந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு நைட்டியிலும் ஒரு அட்டை தொங்குகிறது. 'வீட்டில் உடுத்திப் பார்த்தது.'

என் வீட்டு வழக்கம் தம்பி. அதை அட்டையில் அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

போன் பண்ணினேன். "எப்ப வர்றே?"

"வேலை இருக்குதுங்க," என்றாள். வைத்துவிட்டாள். எங்களுக்குள் போனை முதலில் வைப்பது நான். எப்போதும் நான்தான்.

சரி, போகட்டும், அவள் இல்லாவிட்டால் கடை நின்றுவிடுமா என்று இருந்தேன். ஆடி வந்தது. தீபாவளிக்கு ஆடியிலேயே வெட்டியாக வேண்டும். வெட்டினால்தான் ஆவணியில் தைத்து முடியும், புரட்டாசியில் கடைக்காரன் வந்து அள்ளுவான். எங்களுக்கு வருஷத்தில் பாதி வியாபாரம் அந்த ஒரு நோம்பியில்தான். அதைத் தவறவிட்டவன் கார்த்திகையில் கடையைச் சாத்திக்கொண்டு ஈ ஓட்ட வேண்டியதுதான். நான் ஒரு மாடல் யோசித்தேன். முழங்கை வரைக்கும் கை, முன்பக்கம் மடிப்பு. ஒரு பீஸ் தைத்தாயிற்று. "வெட்டுங்க மாஸ்டர்," என்றேன்.

மொய்தீன் மாஸ்டர் ஆரம்பத்திலிருந்து என்னோடு இருக்கிறவர். கத்திரியைத் தொடவில்லை.

"அக்கா பாத்துட்டாங்களா?"

"அக்கா இல்ல. நான் பாத்துட்டேன்."

"நீங்க பாத்து என்ன மொதலாளி? நீங்களா போடப்போறீங்க?"

கேள்வியைப் பாருங்க.

"தையில அக்கா வேண்டாம்னதை வெட்டுனேன். அந்தச் சரக்கு இன்னும் குடோன்ல என்னையப் பாத்துட்டுக் கெடக்குது. மறுக்கா என் கையால மாட்டேன். வேற ஆள் வெச்சுக்கங்க."

வேறு ஆளா! அவர் வெட்டுகிற மாதிரி எவன் வெட்டுவான்?

மருமகளிடம் கொடுத்தேன். "நான் நைட்டி போடறதில்லீங்க மாமா," என்றாள். நைட்டிக் கடைக்காரன் வீட்டு மருமகள்! வேலைக்கு வருகிற பெண்ணிடம் கொடுக்கலாமென்றால் அது ஒட்டடைக்குச்சி. போட்டால் கொடியில் காய்கிற மாதிரி இருக்கும்.

அதனால் நானே போட்டேன்.

ஆமாம். நைட்டியைத்தான். நானேதான்.

சிரித்து முடிங்க. காத்திருக்கிறேன்.

எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வேட்டிக்கும் அதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? மகனும் மருமகளும் மாடியில். கீழ்வீட்டில் நான் மட்டும். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போகாமல், கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். எக்ஸெல் சைஸ் எனக்குக் கச்சிதமாக இருந்தது. அவளும் நானும் ஒரே உடம்புவாகு என்பது அப்போதுதான் தெரியும். மாடியிலிருந்து சோறு வரும். வேண்டாமென்று சொல்லிவிட்டு அடுப்படியில் நானே நின்றேன். சோதனை என்றால் சோதனையாக இருக்க வேண்டும். சோறு குழைந்தது, அது வேறு விஷயம். வீட்டைப் பெருக்கினேன். வாளியில் தண்ணீர் எடுத்து வாசல் தெளிக்க முடியாது, ஊர் பார்க்கும், அதனால் குளியலறையையே திரும்பத் திரும்பக் கழுவினேன். சாயங்காலம் துவைத்தேன். காலையில் எடுத்துப் போட்டேன்.

ஒருநாள் பால்காரர் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "அம்மா வந்துட்டீங்களா? எப்ப வந்தீங்க?" என்றார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். திரும்பவில்லை. கையை ஆட்டி அனுப்பினேன். "அம்மா ரொம்ப எளச்சுப் போயிட்டீங்க"ன்னு சொல்லிக்கொண்டே போனார்.

மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது, சரியில்லை. ஆனால் என்ன சரியில்லை என்று பிடிபடவில்லை. குனிந்து வாளியைத் தூக்கினால் முதுகில் யாரோ பிடித்து இழுக்கிறார்கள். ஈரம் பட்டால் மடிப்பு காலைச் சுற்றுகிறது. எங்கே இறக்குவது, எங்கே கூட்டுவது? மாஸ்டரிடம் என்னவென்று சொல்வது? அடுப்படியில் நின்று நின்று யோசித்தேன். பளிச் பளிச்சென்று வந்துகொண்டிருந்த யோசனை, இந்தத் தடவை வரவேயில்லை. வயசாகிவிட்டது, அவ்வளவுதான்.

இன்றைக்குக் காலையில் அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு திருப்பூர் வந்தேன். அவளைக் கூப்பிட வரவில்லை. அதைத் தெளிவாக மனசில் வைத்துக்கொள்ளுங்க. வியாபார விஷயமாக வந்தேன்.

வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. "பர்ச்சேஸா, சாம்பிளா?" என்று கேட்டது.

"சாம்பிள்."

"அந்த பெஞ்சுல உக்காருங்க. கூப்புடுவாங்க."

என்னை யாரென்று அதுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

சாம்பிள் காட்ட வருகிறவன் எப்படி உட்காருவான் என்று எனக்குத் தெரியும். பெஞ்சு நுனியில், பையை மடியில் வைத்துக்கொண்டு. என் கடையில் எத்தனை பேரை மத்தியானம் தாண்டியும் அப்படி உட்கார வைத்திருப்பேன்! உட்கார்ந்தால்தான் விலை இறங்கும். பாவாத்தாள் யாரையும் உட்கார வைக்கவில்லை. சரசரவென்று கூப்பிடுகிறாள், பார்க்கிறாள், அனுப்புகிறாள். யாவாரம் தெரியாதவள்.

என் முறை வந்தது. பக்கத்தில் இருந்தவரைப் போகச் சொன்னேன். மதுரைக்குப் போக வேண்டிய ஆள், பாவம். அடுத்த தடவையும் வந்தது. அவருக்கு அடுத்தவருக்கும் ஏதோ அவசரம் போல எனக்குப் பட்டது. அவரையும் போகச் சொன்னேன். கடைசியில் பெஞ்சில் நான் மட்டும்.

உள்ளே போனேன். புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். நாற்காலி சுழன்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வாங்க," என்றாள்.

"சாம்பிள்," என்றேன். பையை மேசையில் வைத்தேன்.

கோகிலவாணி ஓடிவந்து கதவோரம் நின்றாள். "ஏனுங் மாமா, சொல்லிட்டு வந்திருக்கலாமல்ல! பெஞ்சுலயா உக்கார வெச்சுட்டாங்க?" அவளுக்குப் பின்னால் அந்த நாலு பொம்பளைகள். எட்டிப் பார்க்கிறார்கள்.

பாவாத்தாள் யாரையும் பார்க்கவில்லை. நைட்டியை எடுத்து உதறினாள். தோளைப் பார்த்தாள். கைக்குழித் தையலுக்குள் விரலை விட்டாள். முதுகுப் பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டினாள். அப்புறம் மோந்து பார்த்தாள் தம்பி. மோந்து பார்த்தாள்! எனக்கு மூக்குப்பொடி போடுகிற பழக்கம் உண்டு.

"இது போட்டுப் பாத்த துணியாட்டிருக்குது," என்றாள்.

நான் பொடி டப்பியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன்.

"தெனமும் தொவச்சிருக்குது. சோப்பு சரியா அலசல." நிமிர்ந்தாள். "யாருங்க போட்டது?"

பொய் சொல்லியிருக்கலாம். வேலைக்காரி என்று சொன்னால் அதோடு முடிந்தது. அவளும் விட்டிருப்பாள். ஆனால் நான் எதுக்குப் பயப்பட வேண்டும்? யாருக்குப் பயப்பட வேண்டும்?

"நாந்தான் போட்டேன்," என்றேன். "என்ன இப்ப?"

கடை முழுக்கக் கேட்டிருக்கும். கொல்லென்று சிரித்தார்கள். கோகிலவாணி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். வாசலில் இருந்த பெண்கூட எழுந்து வந்து பார்த்தது.

பாவாத்தாள் சிரிக்கவில்லை.

"உக்காருங்க," என்றாள்.

உட்கார்ந்தேன்.

"எங்க புடிச்சுது?"

"முதுகுல. குனிஞ்சா."

"குனிஞ்சு என்ன செஞ்சீங்க?"

"வாளி தூக்குனேன்."

"சரி. அப்பறம்?"

"ஈரத்துல மடிப்புக் காலைச் சுத்துது."

"அப்பறமுங்?"

'அப்பறம், அப்பறம்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கேட்கக் கேட்க வருகிறது. பெருக்கும்போது இந்தப் பக்கம், படுத்தால் அந்தப் பக்கம். எனக்கே ஆச்சரியம். கடைசியில், "கழுத்துக்குப் பின்னால அரிக்குது," என்றேன். எங்கள் கடைப் பேர் போட்டு ஒரு சின்னத் துணி தைப்போம், கழுத்துக்குப் பின்னால். மொரமொரவென்று இருக்கும். ஒரு வாரம் பிடரியைச் சொறிந்துகொண்டே இருந்தேன்.

"அது எப்பவும் அரிக்குமுங்க," என்றாள்.

"எப்பவுமா?"

"தைக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து."

"ஏன் சொல்லல?"

"உங்க பேரு," என்றாள். "எப்படிங்க சொல்றது?"

பிடரியை ஒருமுறை தடவிக்கொண்டேன்.

நைட்டியை மடித்து அவள் பக்கத்தில் இருந்த அடுக்கில் வைத்தாள். "முதுகுல கொஞ்சம் அகட்டிப் பிரிச்சுத் தைக்கச் சொல்றேன். மடிப்பைக் கொறைக்கோணும். ஒரு வாரம் நான் போட்டுப் பாத்துட்டுச் சொல்றனுங்க."

"ஊட்டுக்கு வந்து பாரேன்," என்றேன். கூப்பிடவில்லை. வியாபாரத்துக்கு அதுதான் வசதி. அதனால் சொன்னேன்.

"எனக்கு இங்க வேலை இருக்குதுங்க. சாம்பிள் குடுத்தவங்க வந்துதான் கேட்டுட்டுப் போகோணும். எல்லாருக்கும் அப்படித்தான்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பொதங்கெழம வாங்க. மத்தியானத்துக்கு மேல. கூட்டமிருக்காது," என்றாள்.

பார்த்தீங்களா? எல்லாருக்கும் அப்படித்தான் என்றவள், எனக்குக் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துச் சொல்கிறாள். அந்தக் கடையில் மலை மாதிரி சரக்குக் கிடக்கிறது. ஒரு வாரம் அவள் உடம்பில் இருக்கப் போவது யாருடைய நைட்டி? என்னுடையது. இப்போது சொல்லுங்க, யார் ஜெயித்தது?

சும்மா தலையை ஆட்டாதீங்க. வாயைத் திறந்து சொல்லுங்க.

இருங்க, போன். மகன்தான்.

என்னடா?... அவ எதுக்கு வரோணும்? புதங்கிழமை நான் போறேன்... ஆமா, நாந்தான் போறேன். மாஸ்டர்கிட்டச் சொல்லு, அதுக்குள்ள கத்திரிய எடுக்க வேண்டாம்னு... அவரு எடுக்கவே இல்லியா? சரி, எடுக்காமயே இருக்கச் சொல்லு. இன்னொண்ணு. கழுத்துக்குப் பின்னால பேருத் துணி தைக்கறமல்ல, அதை நிறுத்தச் சொல்லு... எல்லாத்துலயும்தான்... எனக்குத் தெரியாதாடா அது எம் பேருன்னு? அரிக்குதுடா. வை.